ஸ்குரூவைத் திருப்பினால் அடைப்புப் போகுமா?

கொழும்பு பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கைக் கண்டாலே வயிற்றைக் கலக்கிய காலம் ஒன்று எனக்கு இருந்தது. 2022 ஓகஸ்ட். வெள்ளவத்தையில் இருந்து காலி வீதி வழியாகக் கோட்டைப் பக்கம் வேலைக்குப் போக வேண்டும். ஓடும்வரை மோட்டார் சைக்கிளில் ஒரு குறையும் தெரியாது. விளக்கில் நிறுத்தி அக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் இரண்டு தரம் இருமும், நின்றுவிடும். பச்சை விழும். பின்னால் நிற்கிற பஸ்காரன் ஹோர்னில் கையை வைத்தால் எடுக்க மாட்டான். நான் வியர்க்க வியர்க்க உதைத்துக்கொண்டிருப்பேன்.

என்னுடையது பழைய ஜப்பான் 125. ஒற்றை சிலிண்டர், கிக் மட்டும். எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேற்றர் கெய்ஹின் கம்பனியுடையது, சிலைட் வகை. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புதிதாக ஒன்று வாங்கும் யோசனையையே மூட்டை கட்டி வைத்துவிட்டேன். இருக்கிறதை ஓட்டித்தான் ஆக வேண்டும்.

அந்த வருடம் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் தட்டுப்பாட்டில், பெற்றோல் செட் வரிசையில் இரவு படுத்தவர்கள்தான் எல்லோரும். ஜூலையில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று ஆனது. அதற்கு முந்திய இரண்டு மாதமும் என்னுடைய வண்டி அனெக்ஸ் வீட்டு மதிலோரம் தறப்பாளுக்குள் நின்றது. தாங்கியின் அடியில் கொஞ்சம் பெற்றோல், கார்புரேற்றர் கிண்ணத்துக்குள் கொஞ்சம் பெற்றோல். நிற்கிற வண்டிக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

எஞ்சின் நிற்கத் தொடங்கியதும் நான் செய்த முதல் வேலை, எல்லோரும் செய்கிற வேலைதான். அக்சிலேட்டரை விட்ட பிறகு எஞ்சின் சும்மா ஓடுகிற வேகத்தை வைக்கும் ஐட்லிங் ஸ்குரூவைக் கொஞ்சம் ஏற்றினேன். நாலு நாள் சமாளித்தது. பிறகு மறுபடியும் நின்றது, இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். கடைசியில் விளக்கில் நிற்கும்போது எஞ்சின் கத்துகிற கத்தலில் பக்கத்து ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு பெற்றோல், காற்றுக் கலவையை மாற்றுகிற மற்றச் சின்ன ஸ்குரூவிலும் கை வைத்தேன். உள்ளே ஒரு சுற்று, வெளியே இரண்டு சுற்று, பிறகு எங்கே இருந்தது என்பதே மறந்துவிட்டது. இந்தக் கதையில் நான் செய்த மிகப் பெரிய பிழை அதுதான். கிண்ணத்தில் இருந்த அழுக்கைப் பின்னால் எடுத்துவிட்டோம், ஆனால் முதலில் அந்த ஸ்குரூ எங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

மாளிகாவத்தையில் ஒரு மெக்கானிக் நானா இருக்கிறார். பலகை அடித்த சின்னக் கராஜ், வாசலில் எப்போதும் மூன்று நாலு வண்டி நிற்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இத யாரு நோண்டின?"

நான்தான் என்றேன்.

"பைப்புல மண் அடைச்சா, பைப்ப திருகித் திருகி மண் போகுமா? ஸ்குரூவத் திருப்பினா அடைப்புப் போகுமா?"

மூன்று வருடமாக இதைத்தான் வேறு வேறு விதமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஸ்குரூ இருப்பது நல்ல நிலையில் உள்ள கார்புரேற்றரை நுணுக்கமாகச் சரிசெய்ய. கெட்டுப்போனதைத் திருத்த அல்ல. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று ஓடவில்லை என்றால், ஸ்குரூ இரவில் தானாகத் திரும்பவில்லை. வேறு ஏதோ மாறியிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை நானா என்னைப் பக்கத்தில் இருத்தி வேலையைக் காட்டினார். அதற்காகத் தனியாகக் காசு கேட்கவில்லை, இரண்டு பிளேன்டீ மட்டும்.

கழற்றுவதற்கு முன்னால் அவர் செய்தது ஒரு சோதனை. தாங்கிக்குக் கீழே பெற்றோலைத் திறந்து மூடுகிற தப்பை மூடி, கார்புரேற்றர் கிண்ணத்தின் அடியில் இருக்கிற வடிகால் ஸ்குரூவைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடிக் கிளாசில் பிடித்தார். பெற்றோலைவிடத் தண்ணீர் பாரம். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக நிற்கும். துரு இருந்தால் செந்தூளாகத் தெரியும். என்னுடையதில் தண்ணீர் இல்லை. ஆனால் தேயிலைச் சாயம் போல ஒரு நிறம், பழைய வார்னிஷ் டின்னைத் திறந்த மாதிரி மணம். பெற்றோலில் இலேசான பகுதி ஆவியாகிப் போக, பாரமானது பிசின் மாதிரித் தங்கிவிடுகிறது. இரண்டு மாதம் அதற்குத் தாராளம். கழற்றாமலே நோயின் பாதி தெரிந்துவிட்டது. இன்றைக்கும் யாராவது "வண்டி வெட்டி வெட்டி ஓடுது" என்றால் நான் முதலில் கிளாசைத்தான் தேடுவேன்.

அடுத்தது கிண்ணத்து ஸ்குரூக்கள். ஜப்பான் வண்டிகளில் இருக்கும் நட்சத்திரத் தலை ஸ்குரூ நாம் வழக்கமாக வாங்குகிற ஸ்குரூ ட்ரைவருக்கு முழுதாகப் பொருந்தாது. பார்க்க ஒரே மாதிரி, ஆனால் ஜப்பான் தரத்தில் பள்ளத்தின் வடிவம் வேறு. அழுத்தித் திருப்பினால் ட்ரைவர் மேலே எழும்பித் தலையை மழித்துவிடும். வருடக்கணக்காக இறுகியிருக்கிற ஸ்குரூ என்றால் கேட்கவே வேண்டாம். நானா ஜப்பான் தர ட்ரைவரை வைத்து, பின்பக்கத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பினார். இளகியது. நான் பிற்பாடு உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அப்படி ஒன்று தேடி வாங்கிக்கொண்டேன். இதுவரை வாங்கிய ஆயுதங்களில் அதிகம் உழைத்தது அதுதான்.

கிண்ணத்தைத் திறந்ததும் உள்ளே சுவரெல்லாம் பச்சையும் மண்ணிறமுமாக ஒரு படிவு. நடுவில் இரண்டு பித்தளை ஜெட், அதாவது பெற்றோலை அளந்து விடுகிற துளையுள்ள திருகுகள். நீளமானது மெயின், உள்ளே ஒளிந்திருக்கும் சின்னது பைலட். கெய்ஹின் ஜெட்டில் அடித்திருக்கும் இலக்கம் துளையின் விட்டம். 100 என்றால் 1.00 மில்லிமீற்றர். என்னுடைய பைலட் ஜெட்டில் 38 என்று இருந்தது. அதாவது 0.38 மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றரும் இல்லாத ஒரு துளை வழியாகத்தான் விளக்கில் நிற்கிற எஞ்சினுக்கு முழுச் சாப்பாடும் போகிறது. அதில் ஒரு சொட்டுப் பிசின் காய்ந்தால் போதும். நானா அதை வானத்தைப் பார்த்துப் பிடித்தார். "பாருங்க, வெளிச்சம் வருதா?" வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால் எது எந்த நேரத்தில் வேலை செய்கிறது என்று விளங்காமல் கார்புரேற்றரில் கை வைப்பது இருட்டில் சோறு பிசைவது மாதிரி. கார்புரேற்றரின் தொண்டை நடுவில் ஒடுங்கியிருக்கும். காற்று அந்த ஒடுக்கத்தில் வேகமாகப் போகும்போது அங்கே அமுக்கம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கிற பெற்றோலை வெளி அமுக்கம் மேலே தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான், பம்ப் ஒன்றும் இல்லை. ஆனால் அக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து பெற்றோல் போகும் வழி மாறும். முழுதாக மூடியதில் இருந்து கால்வாசிக்குள் பைலட் ஜெட்டும் அந்தச் சின்ன ஸ்குரூவும். கால்வாசியில் இருந்து முக்கால்வாசிவரை அக்சிலேட்டரோடு தொண்டைக்குள் மேலும் கீழும் போகிற சிலைட்டில் தொங்குகிற ஊசி. அதற்கு மேலே மெயின் ஜெட். ஒன்றின் ஆட்சி மற்றதற்குள் கொஞ்சம் கலக்கும், ஆனால் வருத்தம் எங்கே என்று பார்க்க இந்தக் கணக்குப் போதும்.

அதனால் நான் செய்கிற ஒரு சின்ன வேலை: அக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு விடியற்காலையில் மரைன் டிரைவ் வெறுமையாகக் கிடக்கும். அப்போது ஓட்டிப் பார்த்து, எந்தக் கோட்டில் இழுக்க மறுக்கிறது என்று குறித்தால் கழற்றுவதற்கு முன்பே சந்தேக ஆள் யார் என்று தெரியும். முழு அக்சிலேட்டரில் சோதிக்க மட்டும் கொழும்பில் இடமில்லை. இருந்த ஒன்றிரண்டு இடத்திலும் பொலிஸ் நிற்கும்.

என்னுடையது நிற்கும்போது மட்டும் செத்தது, ஓடும்போது நன்றாக இருந்தது. ஆகவே பைலட். இந்தக் கணக்கு ஒன்று தெரிந்திருந்தால் நான் ஒரு மாதம் உதைத்திருக்கத் தேவையில்லை.

ஜெட்டைச் சுத்தம் செய்ய நான் ஊசியை எடுத்தேன். நானா கையைத் தட்டிவிட்டார். பித்தளை மெத்தென்றது, உருக்கு ஊசியோ கிளச் வயர் இழையோ துளையைச் சுரண்டிப் பெரிதாக்கிவிடும். 38 ஆக இருந்தது 40 ஆகும், அதற்குப் பிறகு எந்த ஸ்குரூவும் உதவாது. அவர் மின்சார வயரின் தோலை உரித்து ஒற்றைச் செப்பு இழையை எடுத்து அதனால் மெதுவாகக் குத்தினார். முதலில் கிளீனரில் அரை மணித்தியாலம் ஊற வைத்திருந்ததால் பிசின் இளகிப்போயிருந்தது. பிறகு கொம்ப்ரஸர் காற்று. ஜெட்டுக்கு மட்டுமல்ல, கார்புரேற்றர் உடம்புக்குள் இருக்கிற ஒவ்வொரு சின்ன வழிக்கும். ஒரு துளையில் அடித்தால் மறுபக்கத்தில் எங்கே வருகிறது என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஜெட் சுத்தம், ஆனால் தொண்டைக்குள் திறக்கிற அந்தக் குண்டூசி முனைத் துளை அடைபட்டிருந்தால் வேலை செய்தும் பலனில்லை. காற்று அடிக்கும்போது கிண்ணத்துப் பெற்றோலில் மிதக்கிற மிதவையைக் கழற்றி வைத்துவிடுங்கள். கிளீனர் தெளிக்கும்போது இறப்பர் வளையம், சீல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். அந்தத் திரவம் இறப்பரை ஊதிப் பெருக்க வைக்கும். பிறகு அவை தங்கள் இடத்துக்குள் போகாது. கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தது இன்னொரு துளையால் நேரே கண்ணுக்குத்தான் வரும், எனக்கு வந்திருக்கிறது.

பூட்டிய பிறகு டியூனிங். இங்கேதான் என் காணொளிப் படிப்பு கவிழ்ந்தது. அந்தச் சின்ன ஸ்குரூவில் இரண்டு வகை உண்டு. அது சிலைட்டுக்கும் எயார் பில்டருக்கும் இடையில் இருந்தால் காற்று ஸ்குரூ. வெளியே திருப்பினால் காற்றுக் கூடும், கலவை மெலியும். சிலைட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருந்தால் பெற்றோல் ஸ்குரூ. வெளியே திருப்பினால் பெற்றோல் கூடும், கலவை தடிக்கும். இரண்டும் நேரெதிர். காணொளியில் இருந்தது ஒன்று, என்னுடையதில் இருந்தது மற்றது. நான் மெலிந்துபோன கலவையை இன்னும் மெலிய வைத்துக்கொண்டிருந்தேன்.

நானா செய்த முறை இது. முதலில் ஸ்குரூவை மெதுவாக, இரண்டு விரலால், முட்டும்வரை உள்ளே விடுவது. இறுக்கக் கூடாது. அதன் முனை கூர், இறுக்கினால் முனையும் போகும் அது அமரும் இடமும் போகும். விடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைப்பது. பிறகு அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது. பெரும்பாலான வண்டிகள் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும். பிறகு வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குவது. குளிர்ந்த எஞ்சினில் டியூன் பண்ணினால் சூட்டில் எல்லாம் மாறிவிடும். அதற்குப் பிறகு கால் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தரமும் ஐந்தாறு விநாடி காத்திருந்து, எஞ்சின் எந்த இடத்தில் ஆகக் கூடுதலாகச் சுற்றுகிறது என்று காதால் பிடிப்பது. அந்த உச்சத்தில் நிறுத்திவிட்டு, ஐட்லிங் ஸ்குரூவால் வேகத்தைக் குறைப்பது. சின்ன எஞ்சின்களுக்கு நிமிடத்துக்கு 1400 சுற்று அளவில் வைத்தால் சரி. மறுபடியும் சின்ன ஸ்குரூ, மறுபடியும் ஐட்லிங். இரண்டு தரத்தில் முடிந்தது. கடைசியில் அக்சிலேட்டரைச் சட்டென்று திறந்து விட்டுப் பார்த்தார். தயங்காமல் ஏறி, தயங்காமல் இறங்கி, நின்ற இடத்தில் நின்றது.

அன்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். முதல் வரி: "பைலட் 38, ஸ்குரூ 1¾." ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன், மாற்றியதை எழுதுவேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் நல்லது நடந்தாலும் எதனால் நடந்தது என்று தெரியாது.

சரி, கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத மாட்டேன். தெரிந்துவிட்டது என்ற திமிர் எனக்கு வந்தது. அடுத்த வருடம் ஒக்டோபர் மழையில் வண்டி மறுபடி இருமியது. கார்புரேற்றரைக் கழற்றினேன், கழுவினேன், பூட்டினேன். இருமியது. மறுபடி கழற்றினேன். மூன்றாம் தரம் நானாவிடம் போனபோது அவர் கார்புரேற்றரைப் பார்க்கவே இல்லை. எஞ்சினுக்குள் தீப்பொறி கொடுக்கிற பிளக்கின் தொப்பியைக் கழற்றினார். உள்ளே தண்ணீர். துடைத்து, வயர் நுனியை ஒரு சென்ரிமீற்றர் வெட்டி, திரும்பப் பூட்டினார். முடிந்தது கதை.

அதன் பிறகு கார்புரேற்றரைத் தொடுவதற்கு முன்னால் பார்க்கிற சில்லறை விஷயங்கள் என்று ஒரு பழக்கம் வந்தது. பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பேன். இளம் மண்ணிறம் என்றால் கலவை சரி. புகைக்கரி மாதிரிக் கறுப்பென்றால் பெற்றோல் கூட. வெள்ளை வெளேரென்றால் பெற்றோல் குறைவு. எயார் பில்டரைத் தட்டிப் பார்ப்பேன். கொழும்புத் தூசியில் அது தன் ஆயுளுக்கு முன்பே அடைபட்டு, கலவையைத் தடிக்க வைக்கும். ஐட்லிங்கில் ஹாண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்புவேன். திருப்பும்போது எஞ்சின் கத்தினால் அக்சிலேட்டர் கேபிள் இறுக்கம், கார்புரேற்றர் பாவம். வால்வ் இடைவெளியும் பார்க்க வேண்டும். வால்வ் இறுகிப்போன எஞ்சினும் ஐட்லிங்கில் அப்படியே கார்புரேற்றர் நோய் மாதிரி நடிக்கும்.

இன்னொன்று தாங்கி மூடி. பத்துப் பதினைந்து நிமிடம் அருமையாக ஓடி, பெற்றோல் இல்லாத மாதிரி மெல்ல மெல்லச் சாகும். கொஞ்சம் நின்றால் மறுபடி ஓடும். நண்பன் ஒருவனின் வண்டி இப்படித் தெமட்டகொடையில் நின்றது. தொலைபேசியில் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். "உஸ்" என்று காற்று உள்ளே போன சத்தம் எனக்கே கேட்டது. மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடமாகி பெற்றோல் இறங்காது. ஒரு பல்குச்சியால் தீர்ந்த பிரச்சினை.

சோக் பற்றி ஒரு வார்த்தை. கொழும்புச் சூட்டில் சோக் இல்லாமலே பெரும்பாலான வண்டிகள் உதைத்ததும் பற்றும். சூடான எஞ்சின் சோக்கை இழுத்தால்தான் ஒழுங்காக ஓடுகிறது என்றால், அது பெற்றோல் போதாமல் தவிக்கிறது. ஒன்றில் ஜெட் அடைப்பு, அல்லது எங்கேயோ கள்ளக் காற்று நுழைகிறது. கள்ளக் காற்றுக்கு முதல் சந்தேகம் கார்புரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருக்கிற இறப்பர் மெனிபோல்ட். எங்கள் வெயிலில் அது வெடிக்கும். அக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இறங்க மனமில்லாமல் மேலேயே தொங்கினால், சைலன்சரில் படபடவென்று வெடித்தால், மெனிபோல்டைச் சுற்றித் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. சிலர் கிளீனர் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் எரியும் திரவம் தெளிக்க எனக்குத் தைரியமில்லை, தண்ணீரே போதும்.

பெற்றோல் ஒழுகுவது இதற்கு நேரெதிரான கதை. ஒருநாள் காலையில் வீட்டுக்கார அன்ரி கதவைத் தட்டினார். "தம்பி, வீடெல்லாம் பெற்றோல் மணக்குது. சாமி விளக்குக் கொளுத்தவே பயமா இருக்கு." அவர் சொன்னதில் பிழையில்லை. கார்புரேற்றரின் ஓவர்புளோ குழாயால் இரவு முழுக்கச் சொட்டியிருக்கிறது. மிதவை மேலே எழும்பும்போது ஒரு கூர் ஊசி பெற்றோல் வழியை அடைக்கும். அந்த ஊசியின் நுனியில் ஒரு துரும்பு சிக்கினால் அடைக்காது. வீதியில் இப்படி ஆனால், ட்ரைவரின் பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டுவது ஓட்டோக்காரர்களின் வைத்தியம், பல நேரம் பலிக்கும். ஊசியின் நுனியில் வட்டமாகத் தேய்மானம் விழுந்திருந்தால் தட்டிப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

அன்று நான் உடனே உதைத்து ஸ்டார்ட் செய்யப் பார்த்தேன். நல்ல வேளை, எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்க்கத் தோன்றியது. எண்ணெய் மட்டம் கோட்டுக்கு மேலே, மணந்தால் பெற்றோல். ஓவர்புளோவால் போனது பாதி, மிச்சம் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. பெற்றோல் கலந்த எண்ணெய் மெல்லியதாகிவிடும், பேரிங்கைக் காப்பாற்றாது. எண்ணெயை மாற்றிவிட்டுத்தான் ஓட்டினேன். அன்றிலிருந்து வண்டியை நிறுத்தினால் தப்பை மூடுவது சாவியை எடுப்பது மாதிரிப் பழகிவிட்டது. ஒரு கிழமைக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் தப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுவேன், கிண்ணத்தில் மிச்சமிருப்பதையும் வடித்துவிடுவேன். அன்ரிக்கு ஒரு பெட்டி மஸ்கெற் வாங்கிக் கொடுத்துச் சமாதானமானேன்.

அந்த ஊசிக்காகத்தான் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். தனி ஊசி இல்லை, கிட் ஆகத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். ஊசி, ஜெட் இரண்டு, கஸ்கட், வளையங்கள், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில். புதிதாக மினுங்குகிறதே என்று ஜெட்டையும் மாற்றினேன். லீற்றருக்கு 45 ஓடிய வண்டி 32க்கு இறங்கியது, பிளக் கரிக்கட்டை. புதிய ஜெட்டில் அதே இலக்கம்தான் அடித்திருந்தது. இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் துளை வேறு வேறு. பழைய ஜெட்டைக் குப்பையில் போடாததால் தப்பினேன். தேயாத பித்தளை ஜெட்டை மாற்றத் தேவையே இல்லை. கிட்டில் ஊசியும் கஸ்கட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை உறையோடு வைத்துவிடுங்கள். மிகுனி என்ற மற்றக் கம்பனி ஜெட்டின் இலக்கமும் கெய்ஹின் ஜெட்டின் இலக்கமும் ஒரே அளவுமுறை அல்ல என்பதையும் அப்போதுதான் நானா சொன்னார். ஒன்றுக்கு மற்றதை இலக்கம் பார்த்துப் போடக் கூடாது.

பெற்றோல் கூடக் குடித்த அந்த நாட்களில் நண்பர்கள் சொன்ன வைத்தியம், "92 அடிக்காத, 95 அடி." ஒக்டேன் என்பது பெற்றோல் அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு. அடைபட்ட ஜெட்டுக்கும் பெரிய துளைக்கும் அது மருந்தல்ல. பணம்தான் கூடப் போகும்.

இனி வெட்கத்தோடு சொல்ல வேண்டியது நுவரெலியாப் பயணம். அம்மாவின் ஊர் அட்டன் பக்கம். ஏப்ரல் விடுமுறைக்குப் போய், அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏறினேன். மேலே போகப் போக வண்டி சோர்ந்தது, ஐட்லிங் குளறியது, பிளக் கறுத்தது. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பெற்றோல் அந்த அளவுக்குக் குறையாது. ஆகவே கலவை தடிக்கிறது. இது வண்டியின் நோய் அல்ல, மலையின் குணம். ஆனால் பெட்டிக்குள் ட்ரைவர் இருந்ததே! கிரகறி ஏரிக்கரையில் நிறுத்தி, ஸ்குரூவைத் திருப்பி, போதாதென்று சிலைட்டை எடுத்து ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினேன். கிளிப் மேலே போனால் ஊசி கீழே இறங்கும், கலவை மெலியும். வண்டி பறந்தது. பெருமை தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே நிலையில் கொழும்புக்கு இறங்கினேன். அவிசாவளை தாண்டி வெயிலில் எஞ்சின் கொதித்தது, அக்சிலேட்டரை விடும்போதெல்லாம் வெடித்தது, ஒருசீராகப் பிடித்தால் முன்னும் பின்னும் இழுத்தது. பிளக் வெள்ளை. மெலிந்த கலவையில் நீண்ட தூரம் ஓடினால் பிஸ்டனையே உருக்கலாம். வீதியோரத்தில் கிளிப்பைப் பழைய பள்ளத்துக்கு மாற்றும்போது அந்தச் சின்ன வளையம் துள்ளிப் புல்லுக்குள் போனது. முக்கால் மணித்தியாலம் தேடினேன், கிடைத்தது. இப்போது மலைக்குப் போனால் எஞ்சின் கொஞ்சம் சோரட்டும் என்று விட்டுவிடுகிறேன். அங்கேயே குடியிருக்கிறவர்கள் மாற்றுவது வேறு விஷயம்.

தம்பியின் 150 சிசி வண்டியில் வேறு வகைக் கார்புரேற்றர். அதில் அக்சிலேட்டர் கேபிள் சிலைட்டை நேரே தூக்காது. எஞ்சின் இழுக்கிற வெற்றிடம் ஒரு மெல்லிய இறப்பர் டயப்ரத்தை உயர்த்த, அதோடு சிலைட் எழும்பும். ஐட்லிங் அழகாக இருந்தது, ஆனால் 40 கிலோமீற்றருக்கு மேலே எவ்வளவு முறுக்கினாலும் ஓவென்று இழுத்து அழுதது. மேல் மூடியைத் திறந்து டயப்ரத்தை வெளிச்சத்தில் பிடித்தோம். மடிப்பில் நகக்கீறல் அளவு ஒரு கிழிசல். அவ்வளவுதான் காரணம். அதைப் பூட்டும்போது விளிம்பு தன் பள்ளத்துக்குள் சுற்றிவர உட்கார்ந்திருக்கிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். மூடிக்குள் நசுங்கினால் புதியதும் அன்றே கிழியும்.

வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும் அல்லவா. ஒரு வருடம் காபன் மொனொக்சைட் கூட என்று திருப்பி அனுப்பினார்கள். முந்திய வாரம் குளிர்ந்த எஞ்சினில் டியூன் பண்ணியிருந்தேன். காபன் மொனொக்சைட் கூடினால் கலவை தடிப்பு. ஐதரோகாபன் கூடினால் எரியாத பெற்றோல் வெளியே போகிறது. அதற்குத் தடித்த கலவை மட்டும் காரணமல்ல, மிஸ் அடிக்கிற பிளக்கும் எண்ணெய் எரிக்கிற எஞ்சினும் காரணமாகலாம். அந்தச் சீட்டை நான் கிழிக்கவில்லை, நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தேன். காதுக்குத் தெரியாததை அந்தக் கருவி இலக்கத்தில் சொல்லிவிடுகிறது. எஞ்சினைச் சூடாக்கி, பில்டரைச் சுத்தமாக்கி, கால் சுற்று மாற்றிக்கொண்டு போனேன். சித்தியடைந்தது.

இப்போதும் ஒரு குறை இருக்கிறது. கால்வாசி அக்சிலேட்டரில், மெதுவாகப் போகும்போது, ஒரு சின்னத் தடுமாற்றம். ஜெட் சுத்தம், ஊசி நடுப் பள்ளத்தில், மெனிபோல்ட் புதிது, வால்வ் பார்த்தாயிற்று. நானா சிலைட்டை எடுத்து விரலால் ஆட்டினார், லொடலொட என்றது. முப்பது வருடம் மேலும் கீழும் போய்த் தேய்ந்திருக்கிறது, ஓரத்தால் காற்றுப் போகிறது. புதிய சிலைட் பஞ்சிகாவத்தையில் மூன்று கடையில் கேட்டாயிற்று, இல்லை. நாலாவது கடையில் பழைய கார்புரேற்றர் ஒன்றை எடுத்து வைப்பதாகச் சொன்னார்கள். "அதுவும் தேஞ்சிருக்கும்" என்கிறார் நானா. வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.